கொடிமுந்திரிகைக்குக் கோப்பை, மரமுந்திரிகைக்குக் குப்பையா?

ஈழத்துத் தமிழிலே முந்திரிகை என்னும் ஒரு சொல்லுக்கு இரண்டு பிள்ளைகள். பந்தரிற் படர்ந்து குலை தள்ளுவது கொடிமுந்திரிகை. மணலில் வேரூன்றி, கொட்டையைப் பழத்துக்கு வெளியே தொங்கவிட்டு நிற்பது மரமுந்திரிகை. தமிழ்நாட்டார் முன்னையதைத் திராட்சை என்பர். பின்னையதை முந்திரி என்பர். பெயரால் உடன்பிறந்த இவ்விரண்டுக்கும் இந்நாட்டிற் கிடைத்த வாழ்வு ஒன்றன்று. ஒன்று வலிகாமத்தில் இரசமாகிப் பீடம் ஏறிற்று. மற்றது மன்னார்க் கரையிலே, கொண்டச்சி மணலிலே, விழுந்த இடத்திற் கிடந்து புளித்து ஈக்கு இரையாகிறது. இது மண்ணின் குற்றமா? மரத்தின் குற்றமா? மக்களின் குற்றமா? மூன்றும் அல்ல. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறோம்.

முதலில், பாராட்டுக்குரியதைப் பாராட்டிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் வசாவிளானை அடுத்த தோலகட்டியில், 1928ஆம் ஆண்டில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையைத் தொடக்கினார். செபமும் மௌனமும் உடலுழைப்பும் அத்துறவிகளின் ஒழுங்கு. தோலகட்டி நெல்லிரசத்தை அறியாத யாழ்ப்பாணத்து வீடு அரிது. அந்தக் கைகளே கொடிமுந்திரிகைப் பழத்திலிருந்து இரசமும் வடித்தன. பழத்தை நசுக்கித் தோலோடு புளிக்கவிட்டால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். தோலை முன்னரே நீக்கிவிட்டால் இரசம் வெளிறிப் போகும். சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு அவ்வளவே. இதில் மந்திரம் இல்லை. சுத்தமான கலமும், காத்திருக்கும் பொறுமையும், கணக்கு அறிந்த கையும் வேண்டும்.

அச்சிவந்த இரசத்தை நாம் கண்மூடிப் புகழவில்லை. இனிப்பு சற்று மிகுதி. ஆட்டிறைச்சிக் கறியோடு அருந்துவோர் இன்னும் கொஞ்சம் துவர்ப்பை எதிர்பார்ப்பர். எனினும் பழத்தின் மணம் பழத்தின் மணமாகவே இருக்கிறது, தொண்டையை எரிப்பதில்லை, பூச்சும் புனுகும் இல்லை. கொழும்பு விருந்துகளிலே பிரான்சுப் போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் ஊரையும் ஆண்டையும் ஒப்புவிக்கும் நம் கனவான்கள், கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் வளர்த்த இப்பழத்தின் இரசத்தை ஒரு முறையாவது மதித்துச் சுவைத்ததுண்டா? 1990இல் வலிகாமம் வடக்கைப் போர் வெறுமையாக்கிற்று. தோட்டங்கள் காடாயின. அத்தனைக்கும் பின்னர் தோலகட்டி என்னும் பெயர் இன்றும் போத்தலில் ஒட்டப்பட்டிருக்கிறது என்றால், அது ஓர் உற்பத்திப் பொருளின் விளம்பரம் மட்டுமன்று. சிறிய இடத்தில் சிலர் கூடிச் செய்யும் தொழில் நிலைக்கும் என்பதற்குச் சாட்சி.

சிவப்பு இரசம் இவ்வாறு வடக்கில் வாழ்கிறது. வெள்ளை இரசம் எங்கே? அது கொண்டச்சியில் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

கொண்டச்சி சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் இடைப்பட்ட கரை. மழை குன்றிய நாடு. நெல்லுக்குக் குளத்து நீரை நம்பவேண்டும். குளம் கைவிட்டால் வயலும் கைவிடும். அங்கே கைவிடாத பயிர் மரமுந்திரிகை. இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தின் தோட்டம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அங்கே நடப்பட்டது. போர்க்காலத்தில் அது பராமரிப்பாரின்றிப் போயிற்று. மரங்கள் மட்டும் தம் கடமையை மறக்கவில்லை. பங்குனி பிறந்ததும் செம்பழமும் மஞ்சட்பழமும் தொங்குகின்றன. கொட்டையைத் திருகி எடுக்கிறார்கள், பழத்தை எறிகிறார்கள். ஒரு கொட்டையின் நிறையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட நிறை அதன் பழத்துக்கு உண்டு. ஒரு சாக்குக் கொட்டை சந்தைக்குப் போனால் ஐந்து சாக்குக்கும் அதிகமான பழம் குப்பைக்குப் போயிற்று என்று விவசாயி கணக்கிட்டுக் கொள்ளலாம். தோடம்பழத்திலும் பன்மடங்கு உயிர்ச்சத்து ‘சி’ அப்பழத்தில் உண்டு என்று வைத்தியர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

பழத்தை ஏன் எறிகிறார்கள்? பறித்த மறுநாளே அது குழைந்துவிடும். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பும் உண்டு. இவை உண்மையான இடர்கள். ஆனால் தீராத இடர்கள் அல்ல. சாற்றிலே சோற்றுக் கஞ்சியையோ சவ்வரிசிக் கஞ்சியையோ கலந்துவைத்தால் துவர்ப்பு திரண்டு அடியிற் படியும். மேலே தெளிந்த சாறு நிற்கும். இது நம் அடுக்களைக்கு எட்டாத விஞ்ஞானமா? அச்சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் சர்க்கரை. புளிக்கவிட்டால் ஐந்து அல்லது ஆறு வீதச் சாராயச் சத்துள்ள மெல்லிய இரசம் கிடைக்கும். பழத்தோல் சிவப்பாயினும் மஞ்சளாயினும் சாறு வெளிறியதே. ஆகவே நாம் வெள்ளை இரசம் என்றது அணியுரையன்று.

கோவாவைப் பாருங்கள். பிரேசிலிலிருந்து இம்மரத்தைக் கொணர்ந்து அங்கே நட்டவர் போர்த்துக்கேயர். 1560இல் மன்னாரைப் பிடித்தவரும் அவரே. கோவாக் குடியானவன் பழத்தை மிதித்துச் சாறு எடுத்தான். ஒரு முறை வடித்ததை உராக் என்றான். மீண்டும் வடித்ததை பெனி என்றான். 2009இல் அப்பெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏழைக் கொட்டிலில் பிறந்த பானத்தை அம்மாநிலம் தன் மரபுரிமை என்று மார்தட்டுகிறது. கேரளத்தில் அரசு 2022இல் சிறுதர இரச ஆலைகளுக்கென்றே தனி விதிகளை வகுத்தது. மாநிலத்தில் விளையும் பழங்களிலிருந்து சிறு உற்பத்தியாளர் இரசம் செய்ய வழி திறந்தது. அதே மரம், அதே வெயில், அதே கடல். வேறுபாடு ஆட்சியாளரின் எண்ணத்திலன்றி வேறெதில் இருக்கிறது?

இங்கோ, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் திருத்தத்தின் மேல் திருத்தமாக இன்றும் அரசோச்சுகிறது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் மதுபானம் உற்பத்தி செய்யலாகாது என்பது அதன் அடிப்படை. அதை நாம் எதிர்க்கவில்லை. கசிப்புக் கலயம் குடும்பங்களைக் குலைத்ததை நாம் அறிவோம். நாம் எதிர்ப்பது அச்சட்டத்தின் பார்வையை. வெள்ளைக்காரன் திறைசேரியை நிரப்பவென்று அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பெரிய வடிசாலைக்குப் பொருந்தும். பத்து ஏக்கர்க்காரனுக்குப் பொருந்தாது. நிலம் உண்டு, பழம் உண்டு, உழைப்பு உண்டு. ஆனால் அனுமதிப்பத்திரத்தின் வாசலில் நிற்கும் காவலாளி பணப்பையின் கனத்தையே பார்க்கிறான். பனைக்கும் ஒரு காலத்தில் இக்கதியே இருந்தது. கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டபின் அன்றோ தவறணைக் குத்தகைக்காரனின் பிடி தளர்ந்தது?

நம்மை நோக்கி இரண்டு கேள்விகள் வரும் என்பதை அறிவோம். முதலாவது: “மது பெருக வழி சொல்கிறீர்களே, அடுக்குமா?” நாட்டில் மது இல்லை என்றால் இக்கேள்வி நியாயமானது. சாராயமும் பியரும் மன்னாரின் ஒவ்வொரு பட்டினத்துக்கும் லொறியில் வந்து இறங்குகின்றன. குடிப்பவன் காசு ஊரைவிட்டுப் போகிறது. குடியால் வரும் துயரம் மட்டும் ஊரில் தங்குகிறது. ஆறு வீத இரசத்தை அளவோடும் கண்காணிப்போடும் செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கம் அந்த லொறியிலும் கொடியதா?

இரண்டாவது கேள்வியே கனமானது. கொண்டச்சியும் சூழவுள்ள முசலிப் பகுதியும் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் நிலம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினர். உடுத்த உடையோடு போனவர்களிற் பலர் புத்தளத்துக் கொட்டில்களில் ஒரு தலைமுறையைக் கழித்து, 2009க்குப் பின்னரே திரும்பினர். தமிழ் ஏடு ஒன்று கொண்டச்சியைப் பற்றி எழுதும்போது இதை மறைத்து எழுதுமானால் அது நேர்மையன்று. மது அவர்களுக்கு விலக்கப்பட்டது. மதுவுக்கென்று அறிந்து பழம் விற்பதையும் விலக்குவோர் அவர்களுள் உண்டு. அவர்கள் வீட்டு முற்றத்தில் புளிப்புக் கலயத்தை இறக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆகையால் தெளிவாகவே சொல்கிறோம்: பழம் எதுவாக வேண்டும் என்பதை அப்பழத்துக்குரியவனே தீர்மானிக்கட்டும். தெளிந்த சாறு, பாகு, பதப்படுத்திய பழம் என்று புளிக்காத வழிகள் பல உண்டு. இரசம் செய்ய விரும்புவோர் அரிப்பிலோ பிறவூரிலோ தனிச் சங்கமாகச் செய்யட்டும். ஒருவர் நம்பிக்கை மற்றவர் தொழிலைத் தடுக்கவேண்டாம். ஒருவர் தொழில் மற்றவர் நம்பிக்கையை மிதிக்கவும் வேண்டாம்.

பீடத்துக்கு இது ஆகுமா என்று அரிப்பு அன்பர்கள் கேட்பார்கள். ஆகாது. திருச்சபைச் சட்டப்படி பலிபூசைக்குரிய இரசம் கொடிமுந்திரிகைப் பழத்திலிருந்தே வரவேண்டும். பீடத்தின் தேவையைத் தோலகட்டி பார்த்துக்கொள்ளட்டும். கொண்டச்சிக்குச் சந்தை போதும்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறோம். இக்கரைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1905இல் முத்துக்குளிப்பு இங்கே பெருஞ் செல்வத்தைக் கொட்டிற்று. அதைக் கண்டு, மறு ஆண்டே முத்துப்பார்கள் இலண்டன் கம்பெனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிற் சிப்பி அற்றது, கம்பெனி கலைந்தது, கரையில் வெறுஞ் சிப்பியோடு மிஞ்சியது. பழத்துக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த அன்று கொண்டச்சித் தோட்டத்தையும் எவனாவது பெருமுதலாளி குத்தகைக்குக் கேட்பான். அவன் தெற்கிலிருந்து வந்தாலென்ன, கடல் கடந்து வந்தாலென்ன, நம்மவனே ஆனாலென்ன? தோட்டத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு மரங்களைப் பிரித்துப் பராமரிக்கக் கொடுங்கள்; கொட்டையிலும் பழத்திலும் அவர்களுக்குப் பங்கு எழுதிக் கொடுங்கள். அதன் பின்னர் ஆலையைப் பற்றிப் பேசுவோம்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எக்கட்சியினராயினும் இதனை நிதியமைச்சரிடம் நேரிற் கேட்கவேண்டும். பழரசம் செய்யும் சிறு கூட்டுறவுச் சங்கத்துக்கென, பெரிய வடிசாலையின் கட்டணத்திலிருந்து பிரித்த ஒரு தனி அனுமதிப்பத்திரத்தை வகுக்க அரசு ஆயத்தமா, இல்லையா? ஆம் என்றால், எத்தனை ரூபா, எந்தத் திகதியிலிருந்து? இல்லை என்றால், காரணத்தைக் கொண்டச்சிக்கு வந்து, பழம் விழும் பங்குனியில், அந்த மரங்களின் கீழ் நின்று சொல்லட்டும்.