இறந்தவர் மலையைக் கண்டுபிடித்தாரா?

ஏற்காடு நமக்கெல்லாம் தெரிந்த ஊர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏரி. சுற்றிலும் காபித் தோட்டம், மிளகுக் கொடி, ஆரஞ்சு மரம். கோடையில் குடும்பத்தோடு போகிறோம். படகில் ஏறுகிறோம். சேர்வராயன் கோவிலில் கும்பிடுகிறோம். திரும்பி விடுகிறோம்.

அந்த மலைக்குப் பெரிய சரித்திரம் உண்டு. அதைத் தேட வேண்டிய பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். கல்லூரியில் சரித்திரம் படிக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் வேலை வருகிறது. "உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்கிறார் பேராசிரியர். பிள்ளைகள் கைப்பேசியைத் தட்டுகிறார்கள். வந்ததை அப்படியே எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். மார்க்கும் கிடைத்து விடுகிறது.

இதனால் என்ன கெட்டு விடும் என்று கேட்கலாம். கெட்டுப் போகிறது. இதோ ஓர் உதாரணம்.

சிலையான பிறகு வந்தாரா?

"சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842-ம் ஆண்டில் ஏற்காடு மலையைக் கண்டுபிடித்தார்." இந்தச் செய்தி இணையதளங்கள் பலவற்றில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதுகிறது. பல இடத்தில் இருப்பதால் உண்மை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

மன்றோ எப்போது இறந்தார் தெரியுமா? 1827-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி! ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். அவருடைய வாழ்க்கை வரலாறு 1830-ல் புத்தகமாக வந்து விட்டது. குதிரை மேல் அவர் வீற்றிருக்கும் சிலை 1839-ல் சென்னையில் நிறுவப்பட்டது. அது இன்றும் தீவுத்திடல் அருகே நிற்கிறது. சிலையாகி 3 ஆண்டு கழித்து ஒருவர் எப்படி மலை ஏறுவார்?

இன்னொரு விஷயமும் இடிக்கிறது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820 முதல் 1829 வரை பதவியில் இருந்தவர். சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தவர் அவரே. 1820-களிலேயே காபி வந்து விட்ட மலையை 1842-ல் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

மன்றோவுக்கும் சேலத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம், பாரமகால் பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. அப்போது அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியின் கீழ் உதவியாளராக வேலை பார்த்தவர் மன்றோ. 1799 வரை இங்கே இருந்தார். பிறகுதான் கவர்னர் ஆனார். ஆள் உண்மை, ஊர் உண்மை, ஆண்டு மட்டும் பொய். அரை உண்மைதான் நம்மை அதிகம் ஏமாற்றும்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க மேதாவியாக இருக்க வேண்டியதில்லை. நூல் நிலையத்தில் இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

எங்கே தேடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். "ஏற்காட்டின் வரலாறு" என்றால் கடல். "ஏற்காட்டுக்குக் காபி எப்படி வந்தது?" என்றால் கிணறு. கிணற்றில் இறங்கினால்தான் அடி தெரியும்.

பிறகு சேலத்தில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்குப் போகலாம். நூலகரிடம் கேட்கக் கூச்சப்படக் கூடாது. வழி காட்டுவது அவருடைய வேலை. கேட்க வேண்டிய புத்தகங்கள் மூன்று. லெ பானு என்ற அதிகாரி எழுதிய சேலம் ஜில்லா கையேடு. இது 1883-ல் வெளிவந்தது. அடுத்தது ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர். ஆண்டு 1918. மூன்றாவது, சுதந்திரத்துக்குப் பிறகு 1967-ல் அரசாங்கம் வெளியிட்ட சேலம் கெசட்டியர். மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கலாம்.

சேலத்தில் கிடைக்காவிட்டால் சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சட்டப்படி அங்கே போய்ச் சேர வேண்டும். அதே எழும்பூரில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. கலெக்டர்கள் எழுதிய கடிதங்கள், வருவாய்த் துறைக் குறிப்புகள் எல்லாம் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

கைப்பேசியும் வேண்டாதது அல்ல. பழைய கெசட்டியர்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களை இலவசமாகப் படிக்கலாம். யாரோ எழுதிய இரண்டு வரியை நம்பாமல், மூலப் புத்தகத்தையே அதே கைப்பேசியில் திறந்து பார்க்கலாம் அல்லவா?

ஒரு சின்ன உபாயம். பழைய புத்தகங்களில் ஊர்ப் பெயர்கள் இப்போது எழுதுவது போல இருக்காது. சேர்வராயனை வெள்ளைக்காரர்கள் "ஷெவராய்" என்றார்கள். ஏற்காட்டை "யெர்காட்" என்றும் எழுதினார்கள். ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் இன்னொரு பெயரில் தேட வேண்டும். கிடைத்ததும் புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் நோட்டில் குறிக்க வேண்டும். பக்க எண் இல்லாத செய்தி, முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

மலையில் ஏற்கெனவே இருந்தவர்கள் யார்?

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு பெரிய கேள்வி வரும். வர வேண்டும். மலையை "கண்டுபிடித்தார்" என்கிறோமே, அதற்கு முன் அங்கே ஆட்கள் இல்லையா?

இருந்தார்கள். மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வம்சம் தாங்கள் என்று அவர்கள் கதை சொல்வார்கள். மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினாராம். அந்தக் கதையை 1909-ல் தர்ஸ்டன் என்பவர் தன் நூலில் சேர்த்தார்.

அவர்களுக்கும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மலையில் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். மெருகேற்றிய கற்கருவிகள் அங்கே கிடைத்துள்ளன. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் புட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அவர் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. கன்னிமாரா நூலகமும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தைப் படித்து விட்டு, கல்லையும் பார்த்து விட்டு வரலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையேடு எழுதியவர்கள் வரி வாங்கிய அதிகாரிகள். எத்தனை ஏக்கர், எவ்வளவு வரி, எந்தத் துரையின் தோட்டம் என்பது அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது. காபிப் பழம் பறித்த பெண்ணின் பேச்சை எந்தக் கெசட்டியரில் தேடுவது? அதை ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டதை ஊர், தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். பெரியவர் சொன்னார் என்பதற்காகவும் அப்படியே ஏற்கக் கூடாது. காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். காகிதத்தையும் அவர் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். ஆராய்ச்சி என்பது இதுதான்.

பெற்றோர்களே!

பிள்ளை நூல் நிலையத்துக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். பெண் பிள்ளையையும் அனுப்புங்கள். பஸ் செலவுக்குக் காசு கொடுங்கள். நூல் நிலையம் தர்மத்துக்கு நடப்பது அல்ல. 1948-ம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. அது உங்கள் பணம். அந்த நாற்காலி உங்கள் பிள்ளைக்கு உரியது.

வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். தாத்தாவின் பழைய பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கலியாணப் பத்திரிகை, மங்கிய போட்டோ இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். போட்டோவில் இருப்பவர் பெயரைப் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். எந்த நூல் நிலையத்திலும் இல்லாத சரித்திரம் அதில் இருக்கலாம்.

ஒரு மாணவன் இறந்தவரை மலை ஏற்றி விட்டால் சிரித்து விட்டுப் போகலாம். ஆயிரம் பேர் அதையே எழுதினால், நாளைக்கு அதுவே பாடமாகி விடும். மலையில் காலம் காலமாக வாழ்ந்தவர்கள் நேற்று வந்தவர்கள் ஆகி விடுவார்கள். நம் பிள்ளை தேடிப் பார்த்து எழுதும் ஒரு பக்கம் அதைத் தடுக்கும். அந்த ஒரு பக்கம் போதும். நாளைக்கே நூல் நிலையத்துக்கு அனுப்புங்கள்.