யந்திரமும் தைலமும்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிக் கணபதிக்குச் சிதறுதேங்காய் உடைத்துத் தோள் பிடித்துக்கொண்டவர் வடக்கே நடந்தால், 1889-இல் தோன்றிய ஆயுர்வேதக் கல்லூரியின் கிழியும் தைலமும் அவருக்குக் கிடைக்கும். இன்றோ அவர் பிசியோதெரபிக்காரரின் அல்ட்ராசவுண்டையும் லேசரையுமே நாடுகிறார், யந்திரம் எதுவாயினும் நிரூபணமானதே என்னும் நம்மவர் மனோபாவத்தால். விநாடிக்கு 10 லட்சம், 30 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியலை, காற்றிடைவெளியைக் கடக்கமாட்டாமல் ஜெல் பூச்சின் வழியே தசைக்குள் இறங்கிச் சூடேற்றுவது மெய்தான். ஆயினும் 2001-இல் ராபர்ட்சன், பேக்கர் என்ற ஆய்வாளர்கள் அதன் மீதான 35 பரிசோதனைகளை ஆராய்ந்து, முறை பிசகாதவை 10 என்று கண்டு, அவற்றுள்ளும் 2 மட்டுமே பாவனைச் சிகிச்சையைவிட மேலான பலனைக் காட்டின என்று எழுதினர். லேசரின் ஜாதகம் சற்று மேல்: 1967-இல் புடாபெஸ்டில் மெஸ்டர் என்ற வைத்தியர், சிரைத்த சுண்டெலிகளின் முதுகில் ரோமம் விரைந்து வளரக் கண்டதில் (வழுக்கையர் அவசரப்பட வேண்டாம்!) தொடங்கிய அந்த ஒளி, கழுத்துவலியைச் சிகிச்சை முடிந்து 22 வாரம் வரையில்கூடத் தணிப்பதாக, 820 நோயாளிகளைத் தழுவிய தொகுப்பாய்வொன்று 2009-இல் லான்செட் இதழில் கூறிற்று. கழுத்துக்குக் கிடைத்த அந்த சாட்சியத்தைக் காட்டித் தோளுக்கும் முழங்காலுக்கும் கட்டணம் வசூலிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். யந்திரத்தடியில் கழியும் அந்த நேரத்தை அப்பியாசம் கற்பிப்பதில் செலவிடும் சிகிச்சையாளரிடமே என் தோளை ஒப்படைப்பேன்.