பையை இறக்கிய பிறகும் வலிக்கிறதே!

பதினைந்து வயதுப் பையன் முதுகு வலிக்கிறது என்றால் வீட்டில் தீர்ப்பு தயார். பாட்டிக்கு அது வாயுப் பிடிப்பு, அப்பாவுக்குச் செல்போன், அம்மாவுக்குப் புத்தகப் பை. தைலம் தேய்ப்பார்கள், சுளுக்கு வழிப்பார்கள், 'கூன் போடாமல் உட்காரு' என்று நாளுக்குப் பத்து தடவை அதட்டுவார்கள். பெரும்பாலான வலிகள் அதற்குள் தாமாகவே போய்விடும். பெயரைத் தைலம் தட்டிக்கொண்டு போகும்.

சரி, அவன் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுகிறானே, அப்போது தோளில் எந்தப் பை இருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காததால் நழுவிப்போகும் நோய்களில் ஒன்று ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. எலும்பில் முளைக்கும் சிறு கட்டி. புற்றுநோய் அல்ல, பரவாது. 1935இல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டியவர் நியூயார்க் மருத்துவர் ஹென்றி ஜாஃபே. கட்டியின் கரு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது, கொண்டைக்கடலை அளவுதான். ஆனால் அதில் மிகுதியாகச் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் வலியைக் கிளப்பிவிடும். இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பைத் தடுப்பதால் வலி சட்டென்று அடங்கும், மருந்தின் வேகம் தீர்ந்ததும் திரும்பிவரும். 'மாத்திரைக்குக் கேட்கிறதே, பெரிதாக ஒன்றுமில்லை' என்று வீடு நிம்மதியடைவது இங்கேதான். கையில் கிடைத்த துப்பையே சமாதானமாக்கிக்கொள்கிறார்கள். (ஆஸ்பிரினுக்கும் இது அடங்கும், அதற்காகப் பிள்ளைக்குக் கொடுத்துச் சோதிக்கக் கிளம்ப வேண்டாம், சிறுவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.)

முதுகெலும்பில் வந்தால் இன்னொரு வம்பு. கட்டி பெரும்பாலும் முள்ளெலும்பின் பின்பகுதியில் உட்காரும். அதைச் சுற்றியுள்ள தசை இறுகி, முதுகு பக்கவாட்டில் வளையும். உடனே, 'கோணலாக உட்கார்ந்தே முதுகு கோணிப்போச்சு' என்பார்கள். கட்டி செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்குத் திட்டு! வளர் பருவத்தில் காரணமின்றி வரும் வளைவு பொதுவாக இப்படித் தூக்கத்தைக் கெடுக்காது. தாமதித்தால் வளைவு நிலைத்தும் போகலாம்: வலி தொடங்கி 15 மாதங்களுக்குள் கட்டியை எடுத்துவிட்டால் முதுகு நிமிரும் வாய்ப்பு அதிகம் என்று 1986இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது.

'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பதையும் நம்பி உட்கார முடியாது. எலும்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் கடலை எளிதில் ஒளிந்துகொள்ளும். சிடி ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும்.

கட்டி என்றதும் வாயுவிலிருந்து நேரே புற்றுநோய்க்குத் தாவும் பதற்றமும் வேண்டாம். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, சுமார் 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் முறை 1990களிலிருந்து இருக்கிறது. நரம்பை ஒட்டியிருந்தால் அறுவை சிகிச்சை செய்வதுண்டு. சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே பலர் விடியும்வரை தூங்குகிறார்கள். திரும்பப் பள்ளிக்குப் போகும்போது தோளில் தொங்குவது அதே பைதான், அதே கனம்தான்.