முரணை மழுப்ப வேண்டாம்

ஒரே புரதத்தைப் படிகவியலாலும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வாலும் (என்எம்ஆர்) சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலாலும் ஆராய்ந்துவிட்டு, முடிவுகள் 'நன்கு ஒத்துப்போகின்றன' என்று ஒற்றை வரியில் கடந்துபோகும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அந்த வரிதான் உறுத்துகிறது. படிகவியல் தருவது படிக அடுக்குக்குள் அடங்கிய மூலக்கூறின் எலக்ட்ரான் அடர்த்தி. சிதறல் தருவது கரைசலில் உலவும் எல்லா உருவங்களின் சராசரி. என்எம்ஆர் தளர்வு காட்டுவதோ பிகோநொடி, நானோநொடி அளவில் தனித்தனிப் பிணைப்புகளின் ஆட்டம். இத்தனை வேறுபட்டவை அப்படியே பொருந்தினால், ஒன்று புரதம் விறைப்பானது, இல்லையேல் எங்கோ ஒரு முரண் மழுப்பப்பட்டிருக்கிறது.

கால்மாடுலினை எடுத்துக்கொள்வோம். 148 அமினோ அமிலங்களே கொண்ட இந்தப் புரதத்தின் படிக அமைப்பு 1985-இல் வெளிவந்தபோது, இரு மடல்களை நீண்ட ஒரே சுருள் விலக்கி நிறுத்தும் டம்பெல் வடிவம் தெரிந்தது. 1988-இல் ஹைடோர்னும் ட்ரூஹெல்லாவும் செய்த சிதறல் ஆய்வில், கரைசலில் மடல்கள் சராசரியாக அதைவிட நெருங்கியிருந்தன. எங்கே மடங்குகிறது என்பதைச் சொல்லச் சிதறலுக்கு வழியில்லை. 1992-இல் ஆட் பாக்ஸ் குழுவின் நைட்ரஜன்-15 தளர்வு அளவீடு அதைச் சொன்னது: சுருளின் நடுவே, 78 முதல் 81 வரையான அமினோ அமில எச்சங்கள் தளர்ந்து கிடந்தன. அதே ஆண்டு வந்த, இலக்குப் புரதத்தின் துண்டான பெப்டைடு பிணைந்த அமைப்புகளிலும் சுருள் ஏறத்தாழ அப்பகுதியில்தான் முறிந்து, மடல்கள் இரண்டும் பெப்டைடைக் கவ்வியிருந்தன. படிகம் பொய் சொல்லவில்லை. பல நிலைகளில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. 1985-க்கும் 1988-க்கும் இடையிலான முரணை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருந்தால், இந்தப் புரதம் பலவகை இலக்குகளைப் பற்றும் விதமே பிடிபட்டிருக்காது.

சிதறல் கோட்டில் தகவல் குறைவு, போதுமான உருவங்களைக் கலந்தால் எதையும் பொருத்திவிடலாம் என்பார்கள். உண்மைதான். ஆகவேதான் எல்லாத் தரவையும் ஒரே பொருத்தத்தில் கொட்டுவதை ஏற்க முடியவில்லை: ஒரு முறையின் தரவை ஒதுக்கிவைத்து, மற்றவற்றிலிருந்து அதை முன்கணித்துக் காட்டட்டும். அமிலத்தன்மையும் உப்பின் அளவும் மாறினாலே முரண் தோன்றும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கு மாற்று, ஒரே தாங்கற்கரைசலில் மீண்டும் அளப்பதுதான். படிகத்துக்கு அது இயலாதபோது வேறுபாட்டை அட்டவணையில் காட்டலாம். சிதறலை அளக்க உதவும் சின்க்ரோட்ரானில் நேரம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் நியாயமே. ஒரே முறையை மட்டும் வைத்து, அதன் எல்லையையும் சொல்லி எழுதும் கட்டுரையை மதிப்பாய்வாளர்கள் அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.