இரண்டாவது ஜாய்ஸ்டிக் யார் கையில்?

 

கடந்த நோன்புப் பெருநாளன்று உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தந்தை வளைகுடாவில் பல்லாண்டுகளாக உழைப்பவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். மகனுக்கு வயது பதினான்கு. வழக்கு வீடு வாசலைப் பற்றியதன்று. வீடியோ கேம் பெட்டிகளுள் எந்தக் காலத்துப் பெட்டி சிறந்தது என்பதே வழக்கு!

“எங்கள் காலத்துக் கேசட் பெட்டிக்கு எதுவும் ஈடாகாது” என்றார் தந்தை. “அதில் மனிதனின் முகமே தெரியாதே, வாப்பா” என்று மகன் சிரித்தான். தந்தை விடவில்லை. “முகம் தெரியாவிட்டால் என்ன? நானும் உன் பெரிய வாப்பாவும் அருகருகே அமர்ந்து விளையாடினோம். நீயோ கதவைச் சாத்திக்கொண்டு தனியே ஆடுகிறாய்” என்றார். மகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “உங்களுக்குப் பெரிய வாப்பா இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், வாப்பா?”

தந்தை பதில் கூறவில்லை. பிறகு இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். “யோசித்து எழுதுகிறேன்” என்று கூறிவிட்டு வந்தேன். அதுவே இம்மாதக் கட்டுரையாயிற்று.

இருவர் இருந்தால்தான் ஆட்டம்

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் முதல் விளையாட்டுப் பெட்டி 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ‘ஒடிஸி’ என்பது அதன் பெயர். ரால்ஃப் பேர் என்னும் பொறியாளரின் படைப்பு. அதில் ஓசையில்லை, வண்ணமில்லை. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் நகரும், அவ்வளவே. வண்ணம் வேண்டுமாயின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் திரையின்மீது ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் எத்தனை புள்ளிகள் பெற்றார் என்பதைக்கூட அந்தப் பெட்டி எண்ணாது. ஆடுபவர்களே நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் ஆட்டங்களில் பெரும்பாலானவை இருவர் இருந்தால்தான் நடைபெறும்.

1977இல் வந்த அட்டாரி பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட்டுகள். ஆங்கிலக் கடிதம் ஒன்றின் இரண்டு வரிகளை இட்டால் அது நிரம்பிவிடும். ஆயினும் அதனோடு இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் தரப்பட்டன. உடன் வந்த ‘காம்பாட்’ என்னும் பீரங்கி வண்டி ஆட்டத்தை ஒருவர் தனித்து ஆட இயலாது.

1983இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்ற பெட்டியை வெளியிட்டது. 1889இல் சீட்டுகள் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’, அதாவது ‘குடும்பக் கணிப்பொறி’ என்பதன் சுருக்கமே ஃபேமிகாம். அதன் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் கழற்ற இயலாதபடி பெட்டியோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. இரண்டாவதில் ஒரு சிறு ஒலிவாங்கியும் இருந்தது. பக்கத்தில் ஒருவர் அமர்வார் என்று எதிர்பார்த்தே அப்பெட்டி செய்யப்பட்டது.

அந்தப் பெட்டியின் மலிவான நகல்கள்தாம் தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்தன. ரஷ்யாவில் ‘டெண்டி’ என்றும், ஆசிய நாடுகள் பலவற்றில் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்றும் அவை விற்கப்பட்டன. வளைகுடாவிலிருந்து திரும்பும் வாப்பாமார்களின் அட்டைப் பெட்டிகளில், சோப்புக்கும் தைல புட்டிக்கும் நடுவே அதுவும் இருக்கும். கேசட்டின்மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். ‘மரியோ’வும் ‘கான்ட்ரா’வும் இருந்தால் போதும், தெருப் பிள்ளைகள் அனைவரும் ஒரே வீட்டில் கூடிவிடுவர்.

நமது குற்றத்தையும் சொல்வோம்

இதுவரை படித்த நடுவயதினர், தந்தையின் பக்கமே நியாயம் என்று மகிழ்ந்திருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். பெரும்பாலான அந்தக் கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. பெட்டியை அணைத்தால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். ‘கான்ட்ரா’வின் கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது மஃரிப் பாங்கு ஒலிக்கும். “இதோ முடிந்துவிடும்” என்று நாங்கள் அமர்ந்திருப்போம். ஜமாஅத் முடிந்து பெரியவர்கள் வீடு திரும்பும் செருப்போசை கேட்டபின்தான் எழுந்தோடுவோம். இதை எழுதுகின்றவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனே. அல்லாஹ் மன்னிப்பானாக! எங்கள் காலப் பெட்டி எங்களைத் தொழுகைக்கு அனுப்பிவைத்தது என்று எவரேனும் சொன்னால், அது மறதியின் பேச்சு.

1994 டிசம்பரில் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வந்தது. கேசட்டின் இடத்தைக் குறுந்தகடு பிடித்தது. அத்துடன் ‘மெமரி கார்டு’ என்னும் சிறு அட்டையும் வந்தது. ஆட்டத்தில் அதற்குரிய இடம் வந்ததும் சேமித்துவிட்டு எழலாம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாங்கைக் கேட்டு எழ விரும்பும் பிள்ளைக்கு இது நம் பெட்டியில் கிட்டாத வசதி. இதில் மகன் சொல்வதே சரி.

ஆனால் இன்னொரு மாற்றமும் அப்போது நேர்ந்தது. பிளேஸ்டேஷனோடு வந்தது ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். இரண்டாவதைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். நீண்ட கதை கொண்ட, ஒருவரே பல நாள் ஆடும் ஆட்டங்களும் பெருகின. 2000இல் வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்றது. 2002இல் ‘எக்ஸ்பாக்ஸ் லைவ்’ வந்தபின், எதிராளி பக்கத்து இருக்கையிலிருந்து எங்கோ ஒரு நாட்டிற்குப் போய்விட்டான். குரல் மட்டும் காதில் ஒலித்தது.

பெட்டி செய்தவர்களும் இதை உணராமலில்லை. 2006இல் வந்த ‘வீ’ என்னும் நிண்டெண்டோ பெட்டி, எழுந்து நின்று கையை வீசி ஆடும் ஆட்டங்களைத் தந்தது. பேரப்பிள்ளைகளோடு பாட்டனாரும் ஆடினர். அதன் விளையாட்டுத் தொகுப்பு, சற்று நேரம் ஆடியதும் ‘ஓய்வெடுக்கலாமே’ என்று திரையிலேயே நினைவூட்டும். 2017இல் வந்த ‘ஸ்விட்ச்’ பெட்டியின் இருபுறக் கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஜாய்ஸ்டிக் மீண்டும் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது!

மூடாத பணப்பை

இன்றைய பெட்டிகளில் உண்மையாகவே அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. நம் காலத்தில் கேசட்டுக்குக் கொடுத்த காசோடு வணிகம் முடிந்தது. இன்று பல ஆட்டங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆடத் தொடங்கிய பிறகே பணம் கேட்கின்றன. ‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தை வெளியிடும் எபிக் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்குகளை முடித்துக்கொள்ள 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. தவறுதலாக ஒரு பொத்தானை அழுத்தினாலும் பணம் போகுமாறு அமைத்தது, சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றிச் சேகரித்தது என்பன குற்றச்சாட்டுகள்.

இன்னும் சில ஆட்டங்களில், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் உள்ளன. 2018இல் பெல்ஜியம் நாட்டின் ஆணையம் அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் மதுவோடு சேர்த்து விலக்கிய ‘மைஸிர்’ இதுவன்றோ என்று நாமும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். பிள்ளையின் பெட்டியில் உங்கள் வங்கி அட்டையின் எண் பதிந்திருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதைச் சேர்த்துள்ளது. 2022 ஜனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. எல்லாப் பிள்ளைகளையும் அது நோயாளி என்று கூறவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமல், பிற கடமைகளைப் பின்தள்ளி, தீங்கு நேர்ந்த பின்னும் விடாமல், பொதுவாக ஓராண்டேனும் தொடரும் நிலையையே அது குறிக்கிறது. ஆகவே அவசரப்பட்டுப் பிள்ளையைப் பழிக்கவும் வேண்டா. அறிகுறி கண்டபின் அலட்சியமும் வேண்டா.

என் தீர்ப்பு

ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடினார்கள். அதைக் காண விரும்பிய அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னையாருக்குப் போதும் என்றாகும்வரை நின்றார்கள் என்ற செய்தி புகாரியில் உண்டு. அகிலத்தின் பொறுப்பைச் சுமந்தவர்கள் ஓர் இளம் உள்ளத்தின் ஆசைக்காகப் பக்கத்தில் நின்றார்கள். ஓய்வும் உடல்நலமும் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்று எச்சரித்தவர்களும் அவர்களேதாம். இரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

எனவே அந்த மகனுக்குச் சொல்கிறேன்: தம்பி, உன் பெட்டி படத்தால் சிறந்தது, சேமிக்கும் வசதியால் சிறந்தது. பாங்கு ஒலித்ததும் சேமித்துவிட்டு எழுந்தால், உன் வாப்பாவையும் என்னையும்விட நீ சிறந்தவன்.

தந்தைக்குச் சொல்கிறேன்: சகோதரரே, உங்கள் பெட்டியைச் சிறப்பித்தது பெட்டியன்று, அருகில் அமர்ந்த உங்கள் காக்காதாம். விடுமுறை முடியுமுன் இரண்டாவது ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்குங்கள். கதவைத் திறந்து மகனின் அருகில் அமருங்கள். தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை. திரும்பிச் சென்றபின், வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கிருந்தே அவனோடு ஆட இக்காலப் பெட்டிகளில் வழியுண்டு. நம் வாப்பாமார்கள் பெட்டியை அனுப்பினார்கள். உடன் ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. அல்லாஹ் அதை உங்களுக்குத் தந்திருக்கிறான்.

வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் இந்த வழக்கு வரலாம். எந்தப் பெட்டி சிறந்தது என்று கேட்குமுன், பிள்ளையின் பக்கத்து இருக்கை காலியாக உள்ளதா என்று பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.