வட்டிக் கணக்கும் வாயடைத்த பிள்ளையும்

“கணக்கைத் தமிழில் கற்றால் பிழைக்க முடியாது” என்று கூசாமல் பேசித் திரிவோர்க்கு இதோ ஒரு கணக்கு.

எம் தெருத் தையற்காரர் ஒருவர் சென்ற ஆண்டு, தையற்பொறிகள் வாங்க உருபா 1,00,000 கடன் பெற்றார். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியாம். வட்டி உருபா 12,000-ஐ முதலோடு கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, திங்கள்தோறும் உருபா 9,333 கட்டச் சொன்னார்கள். ஆவணம் முழுதும் ஆங்கிலம். நம்பிக் கையெழுத்திட்டார்.

அவர் மகன் ஆங்கில வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் பயில்கிறான். வட்டி, நிகழ்தகவு, நுண்கணக்கு என வீட்டுக்கணக்குகளைப் போட்டுத் தள்ளுகிறான், விடைகளில் பிழையில்லை. “தம்பி, அப்பா கட்டுவது உண்மையில் எத்தனை விழுக்காடு?” என்றேன். “பன்னிரண்டுதானே, ஐயா?” என்றான்.

அன்று! ஓரிலக்கமும் தந்தையின் கையில் இருந்தது முதல் திங்கள் மட்டுமே. ஒவ்வொரு தவணையிலும் முதலில் பன்னிரண்டில் ஒரு பங்கு கழிகிறது. ஆண்டு முழுமைக்கும் நிரவிப் பார்த்தால், அவரிடம் நின்ற கடன் உருபா 54,000-க்குச் சற்றே மேல். அதற்கோ உருபா 12,000 வட்டி! குறைந்துவரும் நிலுவைக்கு நுணுகிக் கணக்கிட்டால் வட்டி நூற்றுக்கு 21-ஐயும் தாண்டுகிறது.

பிள்ளை மந்தனல்லன். வாய்பாட்டை உருப்போட்டான், அதைத் தன் தாய்மொழியில் ஒருமுறையேனும் பேசிப் பார்த்ததில்லை. வட்டி குட்டி போடும் என்பது அவன் பாட்டிக்குத் தெரியும். நிகழும் தகவே நிகழ்தகவு என்று சொன்னதும் அவன் கண் மலர்ந்தது.

ஆங்கிலம் இன்றேல் கணக்கே இல்லையாம்! உருபா ஒன்றுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டி என்று கொள்வோம். ஆண்டிறுதியில் ஒருமுறை சேர்த்தால் 2 உருபா. அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25, திங்கள்தோறுமாயின் 2.61. நொடிதோறும் சேர்த்தாலும் 2.7183-ஐ எட்டாது. வட்டிக்கணக்கு நுண்கணக்கின் வாயிலில் வந்து நிற்பது இவ்விடத்தில்தான். இதனை 1683-இல் ஆய்ந்தவர் பாசெல் நகரத்து யாக்கோபு பெர்னூலி. நிகழ்தகவு பற்றிய அவர்தம் பெருநூல், அவர் மறைந்தபின் 1713-இல் வெளிவந்தது. அதன் மொழி ஆங்கிலமன்று, இலத்தீனம்! இன்று பாசெல் பிள்ளைகள் அக்கணக்குகளைச் செருமானியத்தில் போடுகிறார்கள். இலத்தீனத்தை விட்டதால் அவர்கள் கணக்குக் கெட்டொழிந்ததா?

பழி நம்மேலும் உண்டு. கலைச்சொற்களை ஆக்கிப் பட்டியலிட்டதோடு ஓய்ந்தோம். மேனிலை வகுப்புக் கணக்குநூல் தமிழில் இருக்கிறது; அதைத் தம் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த தமிழன்பர் எத்தனை பேர்? நம் கூட்டங்களில் கைதட்டுவோர் வீட்டிலும் ஆங்கில வழிதானே!

2024 அக்தோபர் முதல் தரும் தனியாள் கடன்களுக்கும் சிறுதொழிற் கடன்களுக்கும், உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் குறிப்பைக் கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் கொடுக்கவேண்டும் என்பது இந்திய இரிசர்வு வங்கியின் கட்டளை. தையற்காரர்க்கு அதை யார் சொன்னார்?

அன்றிரவு அம்மகன் அளவுக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில், பன்னிரண்டு தவணையையும் தமிழில் எழுதித் தந்தைக்கு விளக்கினான். மறுநாட் காலை அவர் கடையைத் திறக்கவில்லை. தமிழ்க் குறிப்பைக் கேட்கக் குறிப்பேட்டோடு புறப்பட்டார். மகனும் உடன் போனான்.