பழைய வீதிக்கு உயிர் தந்தவர்கள்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவே பிராட்வே என்னும் வீதி உண்டு. செல்வர்கள் துணி வாங்கவும் படம் பார்க்கவும் கூடிய இடம் அது. 1917-இல் அங்கே கிராண்ட் சென்ட்ரல் அங்காடி திறக்கப்பட்டது; மறு ஆண்டு மில்லியன் டாலர் தியேட்டர் எழுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் வசதி படைத்தோர் புறநகருக்குக் குடிபெயர்ந்தனர். பெருங்கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. ஆயினும் வீதி பாழாகவில்லை. மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்த ஸ்பானிய மொழியினர் அங்கே கடை விரித்தனர். மாளிகைகளின் கீழ்த்தளங்கள் சிறு கடைகளாகப் பிரிந்தன. மணப்பெண் உடை, நகை, இசைத்தட்டு, மிளகாய் வற்றல் எல்லாம் விலைபோயின. மில்லியன் டாலர் தியேட்டரில் ஸ்பானிய மொழிப் படங்களும் மெக்ஸிகோப் பாடகர்களின் கச்சேரிகளும் நடந்தன. வாடகை வந்ததால் பழைய கட்டடங்கள் பல இடிபடாமல் நின்றன. 1979-இல் அப்பகுதி தேசியச் சரித்திரச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது.

2008-இல் வீதியைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கிற்று. நல்லதே; ஆனால் மதிப்பு ஏறவே வாடகையும் ஏறிற்று. பழைய கடைக்காரர் பலர் வெளியேற நேர்ந்தது. கட்டடத்துக்குப் பெருமை தந்த பட்டியல், அதைக் காத்து நின்றவனைக் காக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் ஒரு வழி கண்டது. நெடுநாளைய கடைகளுக்கு மானியம். அவர்களுக்கு நீண்டகாலக் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கும் மானியம்.

அயலூரில் கடை வைத்திருக்கும் நம்மவர்க்கு நாம் சொல்வது இதுவே: கல்லாப்பெட்டியைப் பார்க்கும் கண், குத்தகைப் பத்திரத்தையும் பார்க்கட்டும்.